சங்கத்துக்குச் சந்தா: கட்டாயமா? கடமையா?

44 டாலர் 58 சென்ட்!

மாதச் சம்பளத்தில் பிடிக்கப்பட்ட இந்தச் சிறு தொகையை எதிர்த்து ஒருவர் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு வரை போனார். வெற்றியும் பெற்றார்.

அவர் பெயர் மார்க் ஜேனஸ். அமெரிக்காவில் உள்ள இல்லினாய் மாநில சர்க்காரில் வேலை பார்த்தவர். தாயும் தந்தையும் பிரிந்து வாழும் வீடுகளில், குழந்தையின் பராமரிப்புக்கு உரிய பணம் கிடைக்கும்படி பார்ப்பது அவருடைய வேலை.

அவருடைய இலாகாவில் ஒரு தொழிற்சங்கம் இருந்தது. ஜேனஸ் அதில் சேரவில்லை. ஆனாலும் மாதாமாதம் அவர் சம்பளத்தில் பணம் பிடித்துச் சங்கத்துக்குக் கொடுத்தார்கள். அங்கத்தினர் கட்டும் முழுச் சந்தாவில் அது சுமார் 78 சதவிகிதம். அந்த மாநிலத்தில் அதற்கு 'நியாயப் பங்கு' என்று பெயர்.

சேராத சங்கத்துக்குப் பணம் ஏன் கட்ட வேண்டும்? இதுதான் ஜேனஸ் கேட்ட கேள்வி.

2018-ம் ஆண்டு ஜூன் 27-ந் தேதி தீர்ப்பு வந்தது. 9 நீதிபதிகளில் 5 பேர் ஜேனஸ் பக்கம். 4 பேர் எதிர்ப்பக்கம். சர்க்கார் ஊழியர் ஒருவர் தாமாகச் சம்மதம் கொடுத்தால் ஒழிய, அவர் சம்பளத்தில் சங்கத்துக்காக ஒரு காசு கூடப் பிடிக்கக் கூடாது என்பது தீர்ப்பு.

அவர் கேட்டது நியாயமா? சங்கம் வாங்கியது நியாயமா?

ஊர்க் கிணறு

ஓர் ஊரில் பொதுக் கிணறு ஒன்று இருக்கிறது. தூர் வார வேண்டும். வீட்டுக்கு இவ்வளவு என்று பங்கு போடுகிறார்கள். ஒரு வீட்டுக்காரர் மட்டும் தர மாட்டேன் என்கிறார். ஆனால் காலையில் முதல் குடத்தை நிரப்ப அவர் வீட்டிலிருந்துதான் ஆள் வருகிறது!

ஊர் சும்மா இருக்குமா? பணம் கொடுத்தவன் வாயிலும் வயிற்றிலும் அடித்துக் கொள்ள மாட்டானா?

சரி. கதையைக் கொஞ்சம் மாற்றிப் பார்க்கலாம். வசூலான பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, ஊர்த் தலைவர் தமக்குப் பிடித்த கட்சியின் கூட்டத்துக்குப் பந்தல் போடுகிறார். மாற்றுக் கட்சிக்காரர் வீட்டுப் பணமும் அந்தப் பந்தலில் இருக்கிறது. இப்போது அவர் எதிர்த்துக் கேட்டால் அது தப்பா?

முதல் கதையில் ஊர் பக்கம் நியாயம் இருக்கிறது. இரண்டாம் கதையில் தனி ஆள் பக்கம் நியாயம் இருக்கிறது. அமெரிக்காவில் 40 ஆண்டுகளுக்கு மேல் நடந்த சந்தாச் சண்டையின் சாரம் இவ்வளவுதான்.

எல்லாருக்கும் ஒரே ஒப்பந்தம்

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஓர் அலுவலகத்தில் வேலை செய்பவர்களில் பெரும்பான்மையோர் எந்தச் சங்கத்தை விரும்புகிறார்களோ, அந்த ஒரு சங்கம்தான் அத்தனை பேருக்காகவும் பேசும். சம்பளம், லீவு, வேலை நேரம், வைத்திய வசதி எல்லாவற்றுக்கும் ஒரே ஒப்பந்தம்.

சங்கத்தில் சேர்ந்தவனுக்கு ஒரு சம்பளம், சேராதவனுக்கு ஒரு சம்பளம் என்பது கிடையாது. உயர்வு வந்தால் எல்லாருக்கும் வரும். சேராத ஒருவரை மேலதிகாரி அநியாயமாகத் தண்டித்தாலும், ஒப்பந்தத்தின்படி அவருக்காகவும் சங்கம் நியாயமாகப் பேச வேண்டும்.

பணம் தராதவனை விட்டுவிட்டுப் போனால் என்ன?

விட முடியாது. அதற்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது. சங்கங்களுக்குப் பெருமை தராத கதை.

தென் மாநிலமான அலபாமாவில் ஸ்டீல் என்ற கறுப்பினத் தொழிலாளி ரெயில் எஞ்சினில் பயர்மேனாக இருந்தார். பயர்மேன்களுக்காகப் பேசும் உரிமை பெற்ற சங்கம் வெள்ளையர் சங்கம். கறுப்பினத்தாரை அது அங்கத்தினராகச் சேர்ப்பதில்லை. ஆனால் அவர்களுக்கும் சேர்த்துப் பேசும் அதிகாரம் அதனிடமே இருந்தது. அந்த அதிகாரத்தை வைத்துக் கொண்டு, கறுப்புப் பயர்மேன்களை வேலையிலிருந்து ஒதுக்கும்படி ரெயில்வே கம்பெனியோடு அது ஒப்பந்தம் செய்தது!

ஸ்டீல் கோர்ட்டுக்குப் போனார். 1944-ம் ஆண்டு டிசம்பர் மாதம் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. எல்லாருக்காகவும் பேசும் அதிகாரம் பெற்ற சங்கம், எல்லாருக்காகவும் நியாயமாகப் பேசியே தீர வேண்டும் என்றது.

நல்ல தீர்ப்பு. ஏழைக்கும் எளியவனுக்கும் காவல். ஆனால் அதிலிருந்து ஒரு புதிய கேள்வியும் பிறந்தது. எல்லாருக்கும் உழைப்பது சங்கத்தின் கடமை என்றால், அந்த உழைப்புக்கு ஆகும் செலவை யார் கொடுப்பது? வக்கீலுக்குப் பணம் வேண்டும். கணக்குப் பார்க்க ஆள் வேண்டும். சர்க்காரோடு மாதக்கணக்கில் உட்கார்ந்து பேச வேண்டும். இதெல்லாம் காற்றிலா நடக்கும்?

நடுவில் ஒரு கோடு

இதற்கு 1977-ம் ஆண்டு ஒரு விடை கிடைத்தது.

டெட்ராய்ட் நகரத்துப் பள்ளிக்கூட ஆசிரியர்கள் சிலர், சங்கத்துக்குக் கட்டாயப் பணம் கட்ட மாட்டோம் என்று வழக்குப் போட்டார்கள். சுப்ரீம் கோர்ட்டு நடுவில் ஒரு கோடு கிழித்தது.

கோட்டுக்கு இந்தப் பக்கம், ஒப்பந்தம் பேசுவது, அதை நிறைவேற்றுவது, ஊழியர் குறைகளைத் தீர்ப்பது. இதற்கு ஆகும் செலவில் எல்லாரும் பங்கு கொடுக்க வேண்டும். அங்கத்தினராகச் சேராதவரும் கொடுக்க வேண்டும்.

கோட்டுக்கு அந்தப் பக்கம், தேர்தல், கட்சி, கொள்கைப் பிரசாரம். இதற்கு விருப்பம் இல்லாதவரிடம் ஒரு காசு கூட வாங்கக் கூடாது.

ஒன்பது வருஷம் கழித்து, 1986-ல், சிகாகோ ஆசிரியர் வழக்கில் இன்னொரு நிபந்தனை வந்தது. பணம் வாங்கும் சங்கம் எதற்கு எவ்வளவு என்று கணக்குக் காட்ட வேண்டும். கணக்கில் சந்தேகம் இருந்தால், ஒருபக்கம் சாயாத நடுவரிடம் முறையிட வழி வேண்டும். வழக்குக்கு உள்ளான பணத்தைச் சங்கம் செலவு செய்யாமல் தனியே வைக்க வேண்டும்.

கிணற்றுக்குப் பங்கு கொடு. பந்தலுக்குக் கொடுக்க வேண்டாம். கணக்கைக் கேட்டு வாங்கு. இதைவிடச் சுருக்கமாக நியாயம் சொல்ல முடியுமா? இருபதுக்கு மேற்பட்ட மாநிலங்களில் இந்த ஏற்பாடு நடந்து வந்தது.

ஜேனஸ் தரப்பு என்ன சொன்னது?

ஆனாலும் எதிர்த்தவர்களை வெறும் கஞ்சர்கள் என்று தள்ளிவிட முடியாது. அவர்கள் சொன்னதிலும் விஷயம் இருந்தது.

தனியார் கம்பெனியில் சம்பளம் உயர்ந்தால் முதலாளியின் லாபத்திலிருந்து போகிறது. சர்க்காரில் சம்பளம் உயர்ந்தால் ஜனங்களின் வரிப் பணத்திலிருந்து போகிறது. சம்பளத்துக்கு அதிகம் கொடுத்தால் ரோட்டுக்குக் குறையலாம், பள்ளிக்கூடத்துக்குக் குறையலாம், அல்லது வரி உயரலாம். அப்படி என்றால் சம்பளப் பேச்சே அரசியல் பேச்சுத்தானே? ஒப்பந்தம் ஒரு பக்கம், அரசியல் ஒரு பக்கம் என்று எப்படிக் கோடு கிழிப்பது?

இல்லினாய் மாநிலம் பெரும் பண நெருக்கடியில் இருந்தது. அந்த நெருக்கடியைச் சங்கம் உணரவில்லை, அதன் கோரிக்கைகள் மாநிலத்துக்கு நல்லதல்ல என்பது ஜேனஸின் கருத்து. அந்தக் கோரிக்கைகளுக்கே அவர் பணமும் போனது.

ஓசிப் பயணம் செய்கிறவர் என்று அவரைச் சங்கத்தார் சொன்னார்கள். போக விரும்பும் ஊருக்கு டிக்கெட் வாங்காமல் பஸ் ஏறியவர் அல்ல அவர். போக விரும்பாத ஊருக்கு வலுக்கட்டாயமாகக் கப்பல் ஏற்றப்பட்டவர் என்று அவர் தரப்பு பதில் சொன்னது.

பெரும்பான்மை நீதிபதிகளுக்காகத் தீர்ப்பு எழுதியவர் சாமுவேல் அலிட்டோ. 1977-ம் ஆண்டுத் தீர்ப்பு தவறு என்று அவர் ரத்து செய்தார். விருப்பம் இல்லாத கருத்துக்குப் பணம் கொடுக்கச் சொல்வது, அரசியல் சட்டம் தந்த பேச்சு உரிமைக்கு விரோதம் என்றார். மாற்றுத் தீர்ப்பு எழுதியவர் எலினா கேகன் என்ற பெண் நீதிபதி. 40 ஆண்டுகளாக மாநிலங்களும் சங்கங்களும் நம்பி நடந்த ஏற்பாட்டைத் தக்க காரணம் இல்லாமல் இடித்துத் தள்ளிவிட்டார்கள் என்று அவர் கண்டித்தார்.

இந்தத் தீர்ப்பு சர்க்கார் ஊழியருக்கு மட்டும்தான். தனியார் கம்பெனித் தொழிலாளருக்கு இது பொருந்தாது.

சந்தா கட்டும் உரிமைக்காக!

ஜேனஸ் எதிர்த்த சங்கம் எது தெரியுமா? மாநில, மாவட்ட, நகராட்சி ஊழியர் சம்மேளனம். அதே சம்மேளனத்தின் பெயர் அந்தத் தீர்ப்புக்கு 50 ஆண்டுகளுக்கு முன் வேறொரு காரணத்துக்காக உலகம் முழுவதும் அடிபட்டது.

அந்த இடம் டென்னசி மாநிலத்தில் உள்ள மெம்பிஸ் நகரம்.

1968-ம் ஆண்டு பிப்ரவரி 1-ந் தேதி. நல்ல மழை. எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரண்டு துப்புரவுத் தொழிலாளர்கள் மழைக்கு ஒதுங்கக் குப்பை லாரிக்குள் ஏறி நின்றார்கள். குப்பையை அழுத்தும் யந்திரம் திடீரென்று ஓடத் தொடங்கியது. இருவரும் நசுங்கி இறந்தார்கள்.

துப்புரவு வேலை செய்தவர்களில் அநேகமாக எல்லாரும் கறுப்பினத்தார். சம்பளம் அற்பம். நாள் முழுதும் உழைத்தும், தரித்திரருக்குத் தரும் சர்க்கார் உதவியை வாங்கித்தான் பலர் குடும்பம் நடத்தினார்கள். பழைய லாரிகளைப் பற்றி முறையிட்டும் பலன் இல்லை.

பிப்ரவரி 12-ந் தேதி சுமார் 1,300 பேர் வேலைக்குப் போகவில்லை. 'நான் ஒரு மனிதன்' என்று எழுதிய அட்டையைத் தூக்கிக்கொண்டு வீதியில் நடந்தார்கள்.

அவர்கள் கேட்டவை என்ன? சம்பள உயர்வு கேட்டார்கள். பத்திரமான லாரி கேட்டார்கள். சங்கத்துக்கு அங்கீகாரம் கேட்டார்கள். இன்னொன்றும் கேட்டார்கள். சங்கச் சந்தாவைத் தங்கள் சம்பளத்தில் பிடித்துக் கொடுங்கள் என்று கேட்டார்கள்!

மேயர் மறுத்துவிட்டார். சந்தாப் பிடித்தமே பேச்சு வார்த்தையில் பெரிய முட்டுக்கட்டையாக நின்றது. காரணம் வெளிப்படை. சந்தா ஒழுங்காக வந்தால் சங்கம் நிலைக்கும். சந்தா நின்றால் சங்கம் சாகும். மேயருக்கும் இது தெரியும். குப்பை அள்ளுகிறவருக்கும் இது தெரியும்.

காந்தி அடிகளின் வழியைப் போற்றி, 1959-ல் இந்தியாவுக்கும் வந்து சென்ற மார்ட்டின் லூதர் கிங், இந்தத் தொழிலாளருக்குத் துணை நிற்கத்தான் மெம்பிசுக்கு வந்தார். ஏப்ரல் 4-ந் தேதி அந்த ஊரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஏப்ரல் 16-ந் தேதி சமரசம் ஏற்பட்டது. சங்கத்துக்கு அங்கீகாரம் கிடைத்தது. சம்பளம் உயர்ந்தது. சந்தாவுக்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நகராட்சி நேரடியாகப் பிடித்துக் கொடுக்காது. தொழிலாளரின் கடன் சங்கத்தின் மூலம் சந்தா போய்ச் சேரும். மேயரின் பிடிவாதமும் காப்பாற்றப்பட்டது. தொழிலாளியின் சந்தாவும் காப்பாற்றப்பட்டது.

மெம்பிசில் யாரையும் யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அரைவயிற்றுக் கஞ்சி குடித்தவர்கள், தங்கள் காசை எடுத்துக் கொள்ளுங்கள் என்று தாமே கேட்டார்கள்.

1968-ல் சந்தா கட்டும் உரிமைக்காகப் போராடினார்கள். 2018-ல் கட்டாமல் இருக்கும் உரிமைக்காக ஒருவர் போராடினார். இரண்டும் ஒரே சம்மேளனத்தின் சரித்திரம்.

தீர்ப்புக்குப் பிறகு

தீர்ப்பு வந்ததும் சங்கங்கள் தீர்ந்து போகும் என்று சிலர் மகிழ்ந்தார்கள். சிலர் பயந்தார்கள். இரண்டும் நடக்கவில்லை.

அமெரிக்க சர்க்காரின் தொழிலாளர் புள்ளி விவரப்படி, 2017-ல் அரசுத் துறை ஊழியரில் 100-க்கு 34.4 பேர் சங்க அங்கத்தினர். 2024-ல் அது 32.2 ஆனது. குறைந்தது உண்மை. ஆனால் வீழ்ந்துவிடவில்லை. 2024-ல் தனியார் துறையில் 100-க்கு 6 பேர் கூடச் சங்கத்தில் இல்லை என்பதைப் பார்த்தால் வித்தியாசம் விளங்கும்.

கட்டாயம் இல்லாமலே சங்கம் வாழ முடியும் என்பதற்குப் பழைய சாட்சியும் உண்டு. மத்திய சர்க்கார் ஊழியரிடமும் தபால் ஊழியரிடமும் கட்டாயப் பங்கு வாங்க அமெரிக்கச் சட்டம் இடம் தந்ததே இல்லை. ஆனால் 1970-ம் ஆண்டு மார்ச் மாதம், வேலை நிறுத்தம் சட்ட விரோதம் என்று தெரிந்தும், சுமார் 2 லட்சம் தபால் ஊழியர்கள் வேலையை நிறுத்தினார்கள். ஜனாதிபதி நிக்சன், தபால்களைப் பிரிக்க ராணுவத்தை நியூயார்க்குக்கு அனுப்ப வேண்டி வந்தது. அந்த ஆண்டே சம்பளப் பேச்சு நடத்தும் உரிமையைத் தபால் ஊழியர்கள் சட்டப்படி பெற்றார்கள். விருப்பத்தோடு சேர்ந்தவர்களின் பலம் அது.

ஆனால் சில இடங்களில் காற்று எதிர்ப்பக்கமாக அடித்தது. 2023-ல் புளோரிடா மாநிலம் ஒரு சட்டம் கொண்டு வந்தது. பெரும்பாலான சர்க்கார் ஊழியர் சங்கங்களுக்குச் சம்பளத்தில் சந்தாப் பிடித்துக் கொடுப்பதை அது தடை செய்தது. போலீசாருக்கும் தீயணைப்பாருக்கும் சிறைக் காவலருக்கும் மட்டும் விலக்கு! ஆசிரியர் மனம் உவந்து கொடுக்க முன்வந்தாலும் சம்பளத்தில் பிடிக்க முடியாது. மெம்பிஸ் மேயர் மறுத்தது இதைத்தானே?

கொடுக்க மறுப்பவனுக்குச் சுதந்திரம் உண்டு. அப்படியானால் கொடுக்க நினைப்பவனுக்கு மட்டும் சுதந்திரம் வேண்டாமா? அதிலும், போலீஸ்காரருக்கு ஒரு நீதி, வாத்தியாருக்கு ஒரு நீதியா?

எது நியாயம்?

1977-ம் ஆண்டு கோடுதான் நியாயமான கோடு. உழைப்பைப் பெற்றுக் கொண்டவன் கூலி கொடுக்க வேண்டும். பிறர் கட்சிக்கு யாரும் கப்பம் கட்டத் தேவையில்லை. இந்த இரண்டையும் ஒரே சமயத்தில் காப்பாற்ற முயன்ற தீர்ப்பு அது. கோடு சில இடங்களில் மங்கலாக இருந்தது உண்மை. மங்கலாக இருந்தால் அழுத்திக் கிழிக்கலாம், அழித்துவிட வேண்டியதில்லை.

ஆனால் கோடு அழிந்துவிட்டது. இனி என்ன?

கட்டாயம் போயிற்று. கடமையும் போய்விட்டதா? இல்லை. சம்பள உயர்வை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, அதைப் பேசி வாங்கித் தந்தவனுக்கு ஒன்றும் தராமல் போகிறவனைச் சட்டம் இப்போது ஒன்றும் செய்யாது. ஆனால் பக்கத்து மேஜைக்காரன் முகத்தை அவன் பார்க்க வேண்டும் அல்லவா? கடன் பத்திரம் கிழிந்து போனாலும் வாங்கிய கடன் கடன்தான்.

சங்கத்தின் கொள்கை பிடிக்கவில்லையா? உள்ளே போய்ச் சண்டை போடலாம். ஓட்டுப் போட்டுத் தலைவரை மாற்றலாம். அப்படியும் மனம் ஒப்பவில்லை என்றால் விலகி நிற்கலாம். அது மனச்சாட்சி. அதை மதிக்க வேண்டும். காசு மிச்சம் என்பதற்காக மட்டும் விலகுவது மனச்சாட்சி அல்ல.

சங்கத் தலைவர்களுக்கும் பாடம் இருக்கிறது. பணம் தானாக வந்து விழும்போது, கொடுப்பவன் முகமே மறந்து போகும். இனி ஒவ்வொரு ஊழியரிடமும் போய்க் கேட்க வேண்டும். என்ன செய்தோம், எவ்வளவு செலவழித்தோம் என்று கணக்குச் சொல்ல வேண்டும். கட்சி வேலைக்கு வேண்டுமானால் தனி உண்டியல் வைக்கட்டும். சந்தாப் பணத்தை அதில் கொட்ட வேண்டாம்.

தனி ஒருவரின் குறைக்காக வழக்காடும் செலவைப் பணம் கட்டாதவரிடம் வாங்கலாம் என்று 2018-ம் ஆண்டுத் தீர்ப்பே ஒரு வழி காட்டியது. அது முறையான வழி. சங்கத்துக்கு வெளியே நிற்பவர், சங்கத்தின் வக்கீல் தேவைப்படும்போது அதற்கு உரிய கட்டணத்தைக் கொடுத்துவிட்டுப் போகட்டும்.

சர்க்கார்களுக்கு ஒரே வார்த்தை. கொடுக்க மாட்டேன் என்பவன் சட்டைப் பையில் கை போடாதீர்கள். கொடுக்கிறேன் என்பவன் கையையும் பிடிக்காதீர்கள்.

தூர் வாராத கிணறு ஒரே நாளில் வற்றாது. முதலில் தண்ணீர் கலங்கும். பிறகு மட்டம் இறங்கும். கோடை வரும்போதுதான் ஊருக்கு உறைக்கும். அப்போது பங்கு கொடுத்தவன் குடமும் காலி. கொடுக்காதவன் குடமும் காலி!